ஜெயசீலன் டாக்டரின் இன்னொரு கட்டுரை

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பத்திரிகையிலிருந்து அழைப்பு வந்தது. "சார், ஆரணி கொக்கு டாக்டர் தவறிட்டாரு. உங்ககிட்ட போட்டோ இருக்குமா?" என்றார் உதவி ஆசிரியர். டாக்டரின் பெயர் என்ன என்று கேட்டேன். "அதையும் உங்ககிட்டயே கேட்டுக்கலாம்னுதான் சார்" என்றார்.

பெயர் ஜெயசீலன். எலும்பு மருத்துவர். அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்ட உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொக்கு டாக்டர் என்று பெயர் வைத்தது யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். நான்தான்.

ஆய்வு இதழ்களில் அவர் இரண்டு விஷயங்களைப் பற்றி எழுதினார். ஒன்று, தேவிகாபுரம் போகும் வழியில் ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரைகள். மற்றது, தறிக்குழியில் காலை விட்டு நாளெல்லாம் மிதிபலகையை மிதிக்கிற பட்டு நெசவாளர்களின் முழங்கால். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று, பத்திரிகைக்காக அவரை எடுத்த பேட்டியில் கேட்டேன். "ரெண்டும் ஒரே வேலைதாங்க. அசையாம உட்கார்ந்து எண்ணணும்" என்றார்.

அப்படித்தான் எண்ணினார். நெசவாளர் தேவராஜ் சொன்னது: "எதிர்ல குந்திகினு என் காலையே பாத்துகினு இருந்தாருங்க. முட்டை கிட்டை வைக்கும்னு பாக்கறீங்களா டாக்டரேன்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்ல. பேசாதப்பா, எண்ணிக்கை விட்டுடும்னாரு."

பேட்டி முடிந்ததும் இரண்டு கட்டுரைகளைப் பின் அடித்து என் கையில் கொடுத்தார். நாரைக் கட்டுரையில் படங்கள் இருந்தன. படித்தேன். இன்னொன்றைப் படிக்கவில்லை. ஞாயிறு இணைப்பில் 'கொக்கு டாக்டர்' என்று தலைப்பு வைத்தேன். முழங்காலுக்கு ஒரு வரி. ஊரே ரசித்தது. நானும்தான்.

அடுத்த ஆண்டு அவர் ஒரு மனு கொடுத்தார். நெசவாளர்களின் முழங்கால் தேய்மானத்தைத் தொழிலால் வரும் நோயாக ஏற்று, காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று. விசாரணைக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். தேவராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதிகாரி கோப்பைத் திறந்தார். மேலே இருந்தது என் கட்டுரையின் ஜெராக்ஸ்.

"கொக்கு டாக்டர் நீங்கதானா? மனுஷங்க காலுக்கு எப்ப வந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் தன் ஆய்வை நீட்டினார். அது பிரிக்கப்படாமலே கோப்புக்குள் போனது. மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "அது கொக்கு இல்லீங்க, நத்தைகுத்தி நாரை. அதையாவது திருத்திப் போடுங்க" என்றார். பிறகு, "இன்னொரு கட்டுரையைப் படிச்சீங்களா?" என்று கேட்டார். படித்தேன் என்றேன். ஏரிக்கரையில் நாரைகளைப் பார்ப்பதுபோல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தேவராஜுக்குத் தோள் கொடுக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் முழங்காலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நாரைகளைப் பற்றி மட்டுமே எழுதினார். என் தலைப்பு உண்மையாகிவிட்டது.

கல்லறைத் தோட்டத்துக்குத் தேவராஜ் கோலூன்றி வந்திருந்தார். "இப்ப பேப்பர்ல என்னான்னு போடப்போறீங்க?" என்றார். மறுநாள் பத்திரிகையில் தலைப்பு 'கொக்கு டாக்டர் காலமானார்'. நான் சொன்ன பெயர் இரண்டாம் வரியில் இருந்தது.

அன்று அந்த இன்னொரு கட்டுரையைத் தேடி எடுத்தேன். பின் துருவேறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றிப் பென்சில் கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்து: 'இதை மட்டும் போட்டால் போதும்.' படித்தேன் என்று நான் சொன்னபோது அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று புரிந்தது.

அவர் போடச் சொன்னது அந்தப் பத்தி ஒன்றுதான். தமிழில் போடுகிறேன்:

"வயதானால் முழங்கால் தேயத்தான் செய்யும் என்று இவர்களிடம் சொல்லி அனுப்புகிறார்கள். இவர்களுக்கு மிதிக்கிற கால் மட்டுமே தேய்ந்திருக்கிறது. மற்றக் கால் நன்றாக இருக்கிறது. இரண்டு கால்களுக்கும் ஒரே வயதுதான்."