யார் கண்ணுக்கு அந்தப் பொட்டு?

போன வாரம் பெய்த மழையில் பெருங்களத்தூரில் எங்கள் தெரு குளமாகிவிட்டது. எதிர்வீட்டு மல்லிகாவின் பையன் சேகர் அந்தத் தண்ணீரில் குதித்துக்கொண்டே கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான். கை தவறிக் காய் சேற்றில் விழுந்தது. எடுத்தான்... டிராயரில் துடைத்தான்... மீதியையும் தின்றான்!

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் மகன் ரகு. அவனுக்கும் அதே ஆறு வயசுதான். தலையில் மப்ளர், காதில் பஞ்சு. காதில் சீழ், சைனஸ், நிமோனியா என்று ஒன்று போனால் இன்னொன்று.

எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். நாகரிகமான வேறு வார்த்தை தேடினேன் - கிடைக்கவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு தும்மலாவது வரக் கூடாதா?

ரகுவின் உடம்பில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி போதுமான அளவு உற்பத்தியாவதில்லை என்று இப்போதுதான் கண்டுபிடித்தார்கள். பிறவிக் குறை. டானிக், சத்துமாவு எதுவும் உதவாது. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும். இன்னொரு நிமோனியாவை நுரையீரல் தாங்குவது கஷ்டம் என்றார் டாக்டர்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் மல்லிகா பையனோடு விசாரிக்க வந்தாள். எங்கள் கேட் அருகே நின்று, தன் கண்மையைத் தொட்டு சேகர் கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்தாள். ஜன்னல் வழியே பார்த்தேன். யார் கண்ணுக்குப் பயந்து? தெருவில் வேறு ஆளே இல்லையே! சுருக்கென்றது. கோபப்படவும் வழியில்லை... சரியான வாசலில்தான் வைத்திருக்கிறாள்.

"டாக்டரு இன்னாக்கா சொன்னாரு?"

"ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இல்லையாம் மல்லிகா. மத்தவங்க ரத்தத்துலேர்ந்து எடுத்த மருந்தை ஏத்தணுமாம்."

மல்லிகா யோசிக்கவே இல்லை. சேகரை முன்னால் தள்ளினாள்.

"அதுக்கு எதுக்குக்கா கண்டவங்க ரத்தம்? இவன்கிட்ட எடுத்துக்கச் சொல்லுக்கா. மண்ணத் துன்னுகினு திரியுறான், ஒரு ஜுரம் கெடையாது. அவ்ளோ சக்தி கீது!"

"வலிக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினான் சேகர்.

ஒரு பையனிடம் அப்படி எடுக்க முடியாது, ஏகப்பட்ட பெரியவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்துச் செய்யும் மருந்து அது என்று விளக்கினேன். யார் கண்ணும் படக் கூடாது என்று அவள் பொத்திக் காத்த ஆரோக்கியம்... அதைத்தான் என் பிள்ளைக்குக் கொடுக்க வந்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் செய்வேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

இத்தனை நாளாக அவள் பிள்ளையைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இப்போது அவளைப் பார்த்தும்!