காட்டை அளக்கப் போன மூன்று தகடுகள்

காலை ஆறரைக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஏறினேன். இரத்மலானை விமான நிலையம் பதினைந்து கிலோமீட்டர்தான். முந்நூறு ரூபாய் பேசிய சாரதி அந்தோனி, சண்டைக் காலம் என்பதால் இரண்டு மணித்தியாலம் வேண்டும் என்றார். பல வருடங்களுக்குப் பிறகு நோர்வேயிலிருந்து வந்திருந்த எனக்கு அது மிகையாகப் பட்டது.

என் பக்கத்தில் மூன்று அலுமினியத் தகடுகள். கிராண்ட்பாஸ் பட்டறையொன்றில் வெட்டுவித்தவை. மூன்றையும் சுவர் மூலைபோலப் பொருத்தி ஓடுபாதையருகே வைக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகம் வரவழைத்த ஆய்வு விமானத்து ராடாரின் அலை இலைகளை ஊடுருவி அடிமரங்களில் பட்டுத் திரும்பும். திரும்பும் பலத்தைக் கொண்டு காட்டில் எவ்வளவு மரம் நிற்கிறது என்று கணக்கிடலாம். ஆனால் அளவு தெரிந்த தகட்டின்மேல் முதலில் பறந்து ஒப்பிடாவிட்டால், அது படிக்கல் இல்லாத தராசு மாதிரி. பத்து மணிக்கு விமானம் கிளம்பித் தெற்கே மழைக்காட்டின்மேல் பறக்கும். மறுநாள் நாட்டைவிட்டே போய்விடும். ஒரு நாளுக்குத்தான் அனுமதி.

வெள்ளவத்தை தாண்டியதும் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் தகட்டைத் தட்டிப் பார்த்து, "மேக்க மொக்கத?" என்றான். இது என்னவென்று கேட்டவனுக்கு நான் பதில் சொல்லுமுன் அந்தோனி கண்ணைக் காட்டினார். எனக்கு உறைக்கவில்லை. பாடம் நடத்திப் பழகிய வாய் சும்மா கிடக்குமா? அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன்: இதை நிலத்தில் வைத்தால், மேலே போகும் விமானத்துக்கு அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

அவன் என் கடவுச்சீட்டைத் திறந்தான். பிறந்த இடம், யாழ்ப்பாணம். "விமானத்துக்குத் தெரியுமா?" என்று மெதுவாக மறுபடி கேட்டான். நன்றாகத் தெரியும் என்று உற்சாகமாகத் தலையாட்டினேன்.

அதன்பின் இருவரும் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். அதைப் பார்க்க வேண்டிய பெரியவர் இன்னும் வரவில்லையாம். பத்து மணி கடந்து சற்று நேரத்தில் கடல் பக்கமாக இரைச்சல் கேட்டது.

"சேருட பிளேனா?" என்றார் அந்தோனி.

"ஓம்."

அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கூரைக்குத் தகரம் எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க சேர். நீங்க உண்மைய சொல்லிட்டீங்க."

அவர் குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவருடைய ஒரு நாள் பிழைப்பும் என்னால் கெட்டது. பொழுது சாயும்போது இருவரையும் விட்டார்கள், தகடுகளைத் தரவில்லை.

விமானம் எடுத்த காட்டின் ராடார் படம் நோர்வேக்கு வந்து சேர்ந்தது. மலைமடிப்புகளும் ஓடைகளும் அப்படியே தெரிகின்றன; அவ்வளவு அழகு. மறுபடி பறக்க அனுமதி கேட்டோம், கிடைக்கவில்லை. வகுப்பில் அதைத் திரையில் போடும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர், இந்தக் காட்டில் எவ்வளவு மரம் நிற்கிறது என்று கேட்பார். நிறைய என்கிறேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.