இரண்டாவது கிளிக்

என் தம்பி ஒரு பழைய காரை வாங்கி, அதன் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருதயத்தில் ஏற்கெனவே ஒருமுறை கத்தி வைத்தாகிவிட்டது. “மொதல்ல ஒன் எஞ்சின மாத்துடா,” என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவரில் கோபப்படுகிற வேலை எப்போதும் என்னுடையதுதான்.

நிபோங் திபாலில், பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கிற பொத்தோங் கடையில் மூன்று சனிக்கிழமைகள் நின்று அந்த எஞ்சினை அவனே பொறுக்கி எடுத்தான். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின். பழைய எஞ்சினுக்குச் சாவியிலிருந்து ஒரு வயர் போதும். இதற்கு ஒரு கைப்பிடி நிறைய வயர். அதனால் என்னைக் கூப்பிட்டான். நான் பிறை டவுனில் ஒரு ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாக வயரிங்கைப் பரிசோதிக்கிறவள். “எஞ்சினு என் பொறுப்பு, வயரு ஒன் பொறுப்புக்கா,” என்றான்.

ஜெலுத்தோங்கில் அவன் வீட்டு வாசலில் காருக்குள் புது எஞ்சின் உட்கார்ந்த வாரமே அவனுக்கு மறுபடி மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, திங்கட்கிழமை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அவன் பயந்துபோயிருந்தான். அதற்கு முன்னால் அந்த எஞ்சின் ஓடுகிற சத்தத்தைப் போனிலாவது கேட்டுவிட வேண்டும் என்று நச்சரித்தான். அதைக் கேட்டால் தைரியம் வந்துவிடுமாம்.

“அக்கா, சாவிய ரெண்டாவது கிளிக்ல வச்சா கரண்டு வரும் பாரு, அதுல கம்ப்யூட்டரு வயர குடு. பொத்தோங் கடை அண்ணே சொன்னாரு.”

“எனக்குத் தெரியாதா? நீ பேசாம படு லா.”

சனிக்கிழமை காலையில் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தேன். சாவி போடும் சுவிட்சின் பின்புறம் நான்கு முனைகள். ஒன்றில் வயரைக் கொடுத்து, மீட்டர் வைத்தேன். பன்னிரண்டு வோல்ட் அழகாகக் காட்டியது. அவனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு சீட்டில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தடவை திருப்பியும் அதே கதை. போனில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

“வயர ஒருவாட்டி பாருக்கா.”

அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “என் வயர்ல ஒண்ணும் இல்ல. குப்பைய வாங்கிட்டு வந்து என் உயிர எடுக்காத. ஒன் எஞ்சின்தான் செத்துப்போச்சு.”

ஆபரேஷனுக்குக் காத்திருந்தவனிடம் அப்படித்தான் சொன்னேன்.  “சரிக்கா, விடு,” என்றான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க முறுக்கிக்கொண்டு நான் போன் செய்யவே இல்லை. திங்கட்கிழமை உள்ளே போனவன் கண் விழிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் காரை இழுத்துப்போக ஆளுக்குச் சொல்லியிருந்தோம். ஆள் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் படுத்தேன். தம்பி மனைவியை சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். அன்றைக்கு நான் தனி ஆள்; ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரைப் பார்க்கக் கை இருக்கவில்லை. இப்போது பார்த்தேன். பன்னிரண்டில் நின்ற எண், ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கியதும் பூஜ்யத்துக்கு விழுந்தது.

நான் வயரைக் கொடுத்திருந்தது ரேடியோவின் முனையில். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் ரேடியோ அடங்கிவிடும். என் புண்ணியத்தில் எஞ்சினின் கம்ப்யூட்டரும் கூடவே அடங்கியிருக்கிறது.

ஃபேக்டரியில் சுவிட்ச் அணைந்து நிற்கும் இடத்தையே ஒன்று என்று எண்ணுவோம். அந்தக் கணக்கில் ரேடியோ இரண்டாவது. ஆனால் அவன் சொன்னது கிளிக். காதில் விழுகிற கிளிக். அணைந்து நிற்கும் சாவி எங்கே சத்தம் போடும்? அவன் இரண்டு என்றது எனக்கு மூன்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைத்தான் குறை சொன்னாள்.

வயரைப் பக்கத்து முனைக்கு மாற்றினேன். “திருப்பும்மா,” என்றேன். எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டது. நிதானமான, கனத்த சத்தம். நல்ல எஞ்சின். அருமையாகப் பொறுக்கியிருக்கிறான். படுத்தபடியே வாய்விட்டு அழுதேன்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். தப்பு என்னுடையது, எஞ்சின்மேல் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்ட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

“நீங்க அன்னிக்குப் போன வச்சதும் நான் சொன்னேன்க்கா, வயரா இருக்கும், வேற ஆள வச்சுப் பாப்போம்னு,” என்றாள். “அவரு ஒத்துக்கவே இல்ல லா. ‘அக்கா கை வச்சா தப்பாகாது, நான்தான் பாத்து வாங்கத் தெரியாம வாங்கிட்டேன்’னாரு. ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போறப்பகூட, ‘அக்காகிட்ட நான் சாரி சொன்னேன்னு சொல்லிடு’ன்னுட்டுத்தான் போனாரு. நாந்தான் சொல்ல மறந்துட்டேன்.”