ஸ்டேஷன் வரைக்கும்

ரயில் பாதை போட்ட காலத்தில், பொத்தை என்கிற பாறைக்குன்றிலிருந்து கல் கொண்டுவருவதற்காக எங்கள் ஊர் வயல்களின் நடுவே சின்னதாக ஒரு தண்டவாளம் போட்டிருந்தார்களாம். அதன்மேல் மாடுகள் இழுத்துக்கொண்டு போன வண்டிக்கு டிராம் என்று பெயர். நான் அதைக் கண்டதில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. டிராம் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது கிடந்த சரளை மேடு மட்டும் மிச்சம். ஊர்க்காரர்கள் நடந்து நடந்தே அதைப் பாதையாக்கியிருந்தார்கள்.

ஆனால் பாதை ஸ்டேஷன் வரைக்கும் போகாது. எங்கள் வயலில் வந்து நின்றுவிடும். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நிலத்தையெல்லாம் பார்த்துக்கொண்டவர், எங்கள் வயலுக்குள் இருந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தி நெல் நட்டுவிட்டார். அங்கிருந்து வாய்க்காலைத் தாண்டி ஸ்டேஷன் போக வழுக்கும் வரப்புதான்.

அப்பா கொழும்புக்கு அரிசி மண்டி வேலைக்குப் போனதும் அந்த வரப்பு வழியாகத்தான். ஐப்பசி மழை. பெட்டி சுமந்த ஆளுக்குப் பின்னால் போன அப்பா பாதி வழியில் வழுக்கி வயலுக்குள் விழுந்தார். சேறு அப்பிய வேட்டியோடு எழுந்து, எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே எண்ணம். அப்பா திரும்பி வருவதற்குள் டிராம் பாதையை ஸ்டேஷன் வரைக்கும் நீட்டிவிட வேண்டும். பெரியம்மா காலமாகிவிட்டதால் பெரியப்பாவுக்கும் அம்மாதான் சோறு பொங்கினாள். ஆனாலும் கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். பெரியப்பா அது காதில் விழாதவர் போல, நான் வந்து சொல்லும்வரை காத்திருப்பார்.

"ஏட்டி, வயல்ல ஒரு ஆள் நடக்க இடம் விட்டாப் போதும்னு பெரியப்பாட்ட சொல்லு."

"நெல்லு விளையுத பூமியைக் காலால மிதிக்கணுமான்னு உங்கம்மைட்ட கேளு."

சொல்வேன், கேட்பேன். நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்று எனக்கு நினைப்பு.

பிசானப் போகத்து நெல் அறுப்பு முடிந்த சமயம், பெரியப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வயலுக்குப் போனேன். கோட்டுப் போட்ட ஒருவர் அவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். பெரியப்பா அறுத்த நெல்தாளின் மேல் அப்படியே உட்கார்ந்தார். வந்தவர் அவர் தோளைத் தொட்டுவிட்டு, ஊருக்குள் வராமலே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார்.

"யாரு பெரியப்பா?"

"மாட்டுத் தரகரு. நீ வீட்டுக்குப் போ."

அதையேதான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பெரியப்பா அன்று சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலையில் அவர் மண்வெட்டியோடு வயலில் இறங்கினார். அதுவரை வரப்பில் நின்று வேலை வாங்கித்தான் அவருக்குப் பழக்கம். பொத்தையடியிலிருந்து வண்டி வண்டியாகச் சரளை வந்தது. ஆட்கள் இருந்தும் தானே கூடையைத் தலையில் தூக்கினார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மோர் கலக்கிக் கொடுத்து, "இந்த மனசு யாருக்கு வரும்னு அம்மா சொன்னான்னு சொல்லு" என்று அனுப்பினாள். சொன்னேன். பெரியப்பா செம்பை வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

பாதை எங்கள் வயலின் மறு ஓரத்தை எட்டியது. வேலை முடிந்தது என்று நினைத்தோம். "வாய்க்கா வரைக்கும் போவட்டும்" என்றார். வாய்க்கால் வந்ததும் பனந்தடிகளை அடுக்கிப் பாலம் போட்டார். அப்புறம் ஸ்டேஷன் வேலி வரைக்கும் சரளை கொட்டினார். வேலியும் வந்தது. பாதை குறுகலாக இருக்கிறது என்று சொல்லி, முதலிலிருந்து அகலப்படுத்த ஆரம்பித்தார்.

பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, கொழும்பு வரைக்கும் போட்டுட்டுத்தான் ஓய்வீயளோ?"

பெரியப்பா மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டார். இவருக்குக் கேலி பொறுக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த போகமான கார் நடவுக்குத் தண்ணீர் திறந்தார்கள். ஆட்கள் நாற்றங்காலுக்குப் போய்விட, பெரியப்பா ஒருவர் மட்டும் பாதையோரம் மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அம்மா தானே மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் வயலுக்குப் போவதில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். அவளைக் கண்டதும் பெரியப்பா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"பாதைதான் முடிஞ்சு போச்சே அத்தான். பொறவும் எதுக்கு வெட்டுதீய?"

அவர் மறுபடி மண்வெட்டியை எடுக்கக் குனிந்தார்.

"அறுப்புச் சமயத்துல வந்த ஆளு மாட்டுத் தரகரு இல்லை. எனக்குத் தெரியும். கொழும்புல அவுகளுக்கு என்ன?"

"காய்ச்சலு கண்டிருக்கு தாயி." பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அங்கனயே காரியம் எல்லாத்தையும் முடிச்சிட்டாகளாம். நான் ஒன்ட்ட எப்படிச் சொல்லுவேன்? வயலைத் தாண்டட்டும் சொல்லுவோம், வாய்க்காலைத் தாண்டட்டும் சொல்லுவோம்னு… முடிக்க மனசு வரலை."

அம்மா அந்தச் சரளையிலேயே உட்கார்ந்துவிட்டாள். செம்பு சாய்ந்து மோரெல்லாம் பாதையில் ஓடியது. எனக்கோ கோபம். நான் பக்கத்திலேயே நிற்கும்போது என்னை விட்டுவிட்டு இவர்கள் எப்படிப் பேசிக்கொள்ளலாம்? காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்தது. காய்ச்சலென்றால் கஷாயம் கொடுப்பார்கள், சரியாகிவிடும்.

பெரியப்பா பாளையங்கோட்டைக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் அம்மா பிறந்த வீட்டு மனிதர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அத்தனை பேர் சேர்ந்து அந்தப் பாதையில் வருவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெண்கள் தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தார்கள். நான் பாலத்தடிக்கு ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எங்க பெரியப்பா போட்ட பாதை மாமா. அப்பா வர்றதுக்காகப் போட்டது."

மாமா என்னைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் அம்மா நேற்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறாள். இவர்கள் வந்திருப்பது தெரிந்தால் எழுந்துவிடுவாள். அந்த நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும். திமிறிக் கீழே இறங்கி, "அம்மா, எல்லாரும் வந்தாச்சு!" என்று கூவிக்கொண்டே வீட்டைப் பார்த்து ஓடினேன்.