டிக்கியில் நின்ற பெயர்

எங்கள் பீங்கான் தொழிற்கூடத்தின் எதிரே நிறுத்தி டாக்ஸி ஓட்டியவர் அவர். ஒல்லி உடம்பு. சும்மா நிற்கும்போதெல்லாம் வண்டியைத் துடைப்பார். மகள் வேறு சாதிப் பையனை மணந்த மறுநாள், டிக்கியில் ஒட்டியிருந்த அவள் பெயரைக் கத்தியால் குத்திச் சுரண்டினார்.

“பெயிண்ட் போயிடும்ண்ணே,” என்றேன்.

“போவட்டும். கையில கெடச்சா அவளுக்கும் இதான்.”

நான் கையை நீட்டினேன். கத்தியைக் கொடுத்தார். ஸ்டிக்கரைச் சூடாக்கி உரித்தேன். தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டதும் பசை துணியோடு வந்துவிட்டது. ஆனால், அதுவரை வெயில் படாததால் அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வெளுக்கவில்லை. அவள் பெயர் அப்படியே தெரிந்தது.

“இதுக்கு என்னாம்மா தடவணும்?”

“இது போவாதுண்ணே.”

ஜாக்கி கம்பியால் டிக்கியை அடித்து நொறுக்கினார். பின்கண்ணாடி சிதறியது. பெயரின் மேல் ஓர் அடிகூட விழவில்லை. அடி தவறியதா, அவரே தவறவிட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.