மேல மிதவை

முத்துமீனா கப்பலூரில் ஒரு கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கண்மாய்க்கு வந்தவள். பாய்ப்படகுப் பந்தயத்துக்குத் தடம் போடுவது இப்போது அவள் வேலை. நடுக்கரைக்கு எதிரே புறப்படும் இடம். அங்கிருந்து காற்று வரும் திசையில் மிதவை ஒன்றைக் கல் கட்டி இறக்க வேண்டும். படகுகள் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து போய் அதைச் சுற்றித் திரும்பும். காற்றோடு போனால் ஓட்டுபவரின் திறமை தெரியாது.

படகுச் சங்கத்தை நடத்தும் பாண்டிராஜிடம் ஆடி மாதம் தொழில் கற்றாள். காற்றுக்கு எதிரே நிற்பதை அவர் 'மேல மிதவை' என்பார். ஆடியில் அடிப்பது மேல்காற்று. அதனால் மிதவையும் மேற்கே, உபரித் தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கம்தான் கிடக்கும். மேலமாசி வீதியில் வளர்ந்தவளுக்கு 'மேல' என்றால் மேற்கு. அதில் கேட்க என்ன இருக்கிறது?

கார்த்திகைப் பந்தயத்துக்குத் தடத்தை முழுக்க அவளிடம் விட்டார்கள். சரியாக அமைந்தால் இனி அவளே போடலாம். இல்லாவிட்டால் தூத்துக்குடியிலிருந்து ஆள் வரும். நான் கரையில் கொடி பிடிக்க நின்றிருந்தேன்.

மேல மிதவையைப் போடும்படி பாண்டிராஜ் போனில் சொன்னார். அவள் நேராக மேற்கே போய் இறக்கிவிட்டு வந்தாள். படகுகள் தண்ணீரில் இறங்கியதும் பாய்கள் எல்லாம் கலுங்கைப் பார்த்துப் புடைத்தன. கார்த்திகைக் காற்று கிழக்கேயிருந்து வந்தது.

"ஏத்தா, இன்னுங் கொஞ்சம் போயி மேலமாசி வீதியிலேயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் படகோட்ட வந்த வெள்ளைத்துரை. கரையே சிரித்தது. பாண்டிராஜ் சிரிக்கவில்லை. மோட்டார் படகில் வேறு ஆளை அனுப்பப் பார்த்தார்.

"வேணாம்ணே. போட்டது நானு, எடுக்குறதும் நான்தேன்."

"காத்து எதுக்க அடிக்குதேம்மா. எம்புட்டு நேரமாகும்?"

"ஆகட்டும்ணே. பந்தயத்தை மட்டும் கலைச்சிராதீக."

துடுப்புப் படகில் மறுபடி மேற்கே போனாள். மிதவையின் கல், தண்ணீருக்கடியில் கருவேல மர முண்டில் மாட்டியிருந்தது. இழுத்தாள், வரவில்லை. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி விடுவித்தாள். பிறகு கிழக்கே துடுப்புப் போட்டாள். காற்று படகின் மூக்கைத் திருப்பித் திருப்பி விட்டது. அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, யாரைத் திட்டினாளோ. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கேலி பேசியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

கிழக்கே போனதும் உடனே இறக்கிவிடவில்லை. துப்பட்டா முனையைத் தூக்கிக் காற்றில் விட்டுப் பார்த்து, கொஞ்சம் தள்ளிப்போய் இறக்கினாள். கை தூக்கினாள். நான் கொடியை இறக்கினேன். படகுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போயின.

இரண்டாவது பந்தயத்துக்குக் காற்று லேசாகத் தெற்கே திரும்பியது. பாண்டிராஜ் போனை எடுத்தார். அதற்குள் அவள் படகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எங்க போடணும்னு சொல்லட்டுமாம்மா?"

"பாத்துட்டேண்ணே. போறேன்."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.