முத்தையாவின் பிரஜாவுரிமைப் பத்திரம்

என் முதல் தேர்தல் வெற்றி ஒரு திருட்டு. முத்தையாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை ஒளித்து வைத்தவன் நான்தான்.

இதைப் படித்துவிட்டு என்னைச் சிறியவனாக எண்ணிவிடாதீர்கள். ஐந்து முறை மாநகர சபை, இரண்டு முறை மாகாண சபை. மஹய்யாவ லயங்களின் வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது என் காலத்தில். மடுல்கெல்லத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒழுகாத கூரையின் கீழ் உட்கார்ந்து படித்ததும் என் காலத்தில்தான். தமிழில் எழுதும் கடிதத்துக்குத் தமிழிலேயே பதில் வேண்டுமென்று சபையில் மேசையைத் தட்டிக் கேட்டவன் நான். அந்தப் பெருமையை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால்... முத்தையா?

மஹய்யாவ சந்தியருகே தையற்கடை வைத்திருந்தான். என்னைவிட நான்கு வயது இளையவன். அவன் தமிழிலும் சிங்களத்திலும் பேசத் தொடங்கினால் சந்தையில் பேரம் நின்றுவிடும். கட்சி வேட்பாளராக முதலில் தேடியது அவனைத்தான். ஆனால் தோட்டத் தொழிலாளர் வழிவந்த எங்களில் பலரை நாடற்றவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. எனக்குப் பிரஜாவுரிமை இருந்தது. அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வாக்காளர் பட்டியலான இடாப்பில் பெயர் இல்லாதவன் தேர்தலில் நிற்க முடியாது.

"பத்திரம் வந்து வாக்காளர் இடாப்புல பேரு ஏறிட்டா அவன். இல்லேன்னா நீ" என்றார் கட்சிச் செயலாளர்.

அவனுடைய விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததும் நானே. லயத்துக்குத் தபால் ஒழுங்காக வராது என்பதால் எங்கள் சாப்பாட்டுக் கடையின் விலாசத்தைப் போட்டிருந்தோம். ஒரு காலையில் அந்த நீண்ட உறை வந்தது. பிரித்தேன். அவன் பெயர், தகப்பன் பெயர், முத்திரை... எல்லாம் சரியாக இருந்தன. இடாப்பில் பெயர் சேர்க்க இன்னும் ஆறு நாட்கள் இருந்தன.

அலுமாரியில், வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மாலைதோறும் வந்து கேட்பான்.

"ஏதும் வந்துச்சாண்ணே?"

"இன்னும் வரல முத்தையா. வந்தா நானே கொண்டாந்து தர மாட்டேனா?"

எவ்வளவு நிதானமாகச் சொன்னேன்! குரல் நடுங்கவேயில்லை.

ஏழாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் மெஷின்மேல் அதை விரித்து இரண்டு கைகளாலும் நீவிவிட்டான். பிறகு, "பரவாயில்லண்ணே, இந்தத் தடவ நீங்க நில்லுங்க. நான் பேசுறேன்" என்றான்.

பேசினான். மேடை மேடையாக எனக்காகப் பேசினான். நான் வென்றேன்.

அடுத்த தேர்தலில் அவனுக்கு வழி விட்டிருக்கலாம். விட்டேனா? பதவியில் இருப்பவனை மாற்றினால் வட்டாரமே கைவிட்டுப் போகும் என்று கட்சிக்கு எடுத்துச் சொன்னவனே நான்.

சென்ற ஆண்டு எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். முழங்கால் வலியால் முத்தையா கதிரையில் உட்கார்ந்தபடியே பேசினான். "இந்த நாட்டுல நானும் ஒரு ஆளுன்னு பத்திரம் எடுத்துக் குடுத்தவரு இவருதான்." மண்டபம் முழுவதும் கைதட்டியது. நான் எழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள் தேநீர் தந்தாள். நான் வாயெடுப்பதற்குள் அவனே சொன்னான்:

"யோசிச்சுப் பாத்தேண்ணே. அன்னைக்கு நான் நின்னு ஜெயிச்சிருந்தாலும் உங்களாட்டம் இவ்வளவு செஞ்சிருப்பேனா? சந்தேகந்தான்."

உங்களிடம் சொல்லிவிட்டேன், அவனிடம் முடியவில்லை. அதுகூட அல்ல... 'நீயும் செஞ்சிருப்பே' என்ற ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.